வேப்பிலைக் கொத்தும் மருத்துவச் சான்றும்



புதுக்கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவில் எழுவது சித்தன்னவாசலின் தாமரைக்குளம். அடுத்து குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு. அதற்கடுத்து நார்த்தாமலைக் குன்றின்மீது கிடக்கும் விஜயாலய சோழீச்சரம். கல்லையும் சுண்ணத்தையும் பற்றி எத்தனை முறை பேசினாலும் நமக்கு அலுப்பதில்லை. ஆயினும் இம்முறை கல்லைச் சற்றே விடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தின் வரலாற்றைப் பேச எண்ணுகிறோம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நாம் எடுத்துச் செல்லும் மருத்துவச் சான்றிதழே அது!

தொற்றுநோய் கண்டவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அதையொட்டி மூன்று கேள்விகள் எழுகின்றன. 'இவர் வர வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாருக்கு? 'இனி வரலாம்' என்று சொல்லும் உரிமை யாருக்கு? வராத நாள்களின் இழப்பை ஏற்பவர் யார்? முதலிரண்டு கேள்விகளுக்கு நம் மக்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கோ இன்றுவரை முழுமையான விடை கிடைத்தபாடில்லை. இவற்றைப் புதுக்கோட்டைச் சீமையை மையமாக வைத்துப் பார்ப்போமா?

வாசலில் தொங்கிய அறிவிப்பு

காகிதம் வருவதற்கு முன்பே அறிவிப்பு இருந்தது. ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகி விடுவார்கள். அதைக் கண்டவர் எவரும் காரணம் கேட்பதில்லை, படியேறுவதுமில்லை. அந்த வீட்டார் பிறர் வீட்டு விசேடங்களுக்குச் செல்ல மாட்டார்கள். அடுக்களையில் தாளிப்பு நின்றுவிடும். நோயாளி வேப்பிலைப் படுக்கையில் தனித்திருப்பார். முத்துகள் வாடி உதிரத் தொடங்கிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் இட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று அதற்கொரு வரிசை உண்டு. கடைசித் தண்ணீர் ஊற்றிய பின்னரே அவர் ஊரோடு கலக்கலாம்.

அந்நோயைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள். உலகின் பல மொழிகள் அந்தக் கொடிய நோயைக் கொப்புளத்தின் பெயரால் அழைக்க, தமிழோ அதனைத் தாயின் பெயரால் 'அம்மை' என்றழைத்தது. கொப்புளம் 'முத்து' ஆயிற்று. நோய் நீங்குவதை 'அம்மை இறங்கிவிட்டாள்' என்றார்கள். நார்த்தாமலையிலும் திருவப்பூரிலும் முத்துமாரியாகவும், கொன்னையூரில் மாரியாகவும் வீற்றிருந்து, பூச்சொரிதலும் பங்குனித் திருவிழாவும் காண்பவள் அவளே. ஆகவே நோயுற்ற வீடு வெட்கப்பட வேண்டிய வீடாகக் கருதப்படவில்லை. அது அம்மன் வந்திருக்கும் வீடு; விலகி நிற்பது அவளுக்குச் செய்யும் மரியாதை. தனிமைப்படுத்தலில் இருக்கும் அவமானத்தை இந்த ஒரு நம்பிக்கை பெருமளவு துடைத்தெறிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தலாகாது. வேப்பிலை பெரியம்மையைக் குணப்படுத்தவில்லை. எத்தனையோ பிள்ளைகள் மாண்டனர். பிழைத்தோரில் பலர் கண்ணிழந்தனர். அந்நோயை ஒழித்தது தடுப்பூசியே. 1796இல் எட்வர்டு ஜென்னர் இங்கிலாந்தில் கண்டறிந்த முறை, 1802இல் பம்பாய் வழியாக இந்தியாவை எட்டியது. சென்னை கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பாலைப் பெருமளவில் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பியது. 1975இல் இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட, 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பெரியம்மை உலகைவிட்டே அகன்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முதியவர்களின் கையிலுள்ள அம்மைத் தழும்புகள் அந்த வெற்றிக்குச் சாட்சி.

வேப்பிலை முறையில் நுட்பமான ஒரு குறையும் உண்டு. சின்னம்மை, முத்துகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள்களுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. தட்டம்மை, தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே தொற்றும். வாசலில் கொத்து ஏறுவதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்புத் தோழனுக்கும் நோய் போய்ச் சேர்ந்திருக்கும்! ஆனால் முடிவைக் குறித்த கணக்கில் நம் பாட்டிமார் பிழை செய்யவில்லை. சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத்தட்டிய பின்னரே தொற்று நீங்குகிறது என்கிறது மருத்துவம். பொருக்கு உதிர்ந்த பின்னரே கடைசித் தண்ணீர் என்றது மரபு.

திருமுக்கூடலில் பதினைந்து படுக்கை

'வர வேண்டாம்' என்று சொல்ல ஊரும் அம்மனும் போதுமெனில், நோயுற்ற மாணவரைப் பேணும் நிறுவனம் ஏதும் நம் மண்ணில் இருந்ததா? கல்வெட்டு ஆர்வலர்கள் உடனே திருமுக்கூடலைச் சுட்டிக்காட்டுவார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வேதம் பயிலும் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரிய ஆதுலர் சாலை ஒன்றை அது விவரிக்கிறது. 'வீரசோழன்' என்பது அதன் பெயர். பதினைந்து படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் என ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் வகுக்கப்பட்டிருந்தன. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன.

நம் கருப்பொருளுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்றே. மாணவனின் நோயைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு கல்விச் சாலையை நடத்துபவருக்கும் உண்டு என்ற எண்ணம், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாலை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் உடன் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

சீட்டு வந்த கதை

காகிதம் நோயைப் பின்தொடர்ந்து வந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்ற, அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்றொரு சீட்டு நடைமுறைக்கு வந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவர் அச்சீட்டைப் பெற்று, தாம் சென்று சேர்ந்த ஊரில் பத்து நாள்கள் அதிகாரிமுன் தோன்றித் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். வேப்பிலை ஒரு வீட்டைக் குறித்தது. இந்தச் சீட்டோ ஒவ்வொரு மனிதரையும் குறித்தது.

புதுக்கோட்டை மக்கள் இத்தகைய சீட்டுகளை வேறொரு வாசலிலும் சந்தித்தார்கள். வானம் பார்த்த பூமியாகிய இச்சீமையிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெருந்திரளானோர் பெயர்ந்தனர் என்பதை நாம் அறிவோம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பும் ஏற்பட்ட பின்னர், மண்டபம் முகாமே அவர்களுக்கு இலங்கையின் வாயிலாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அம்முகாமில் அவர்களை நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, காலரா அறிகுறி உண்டா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். முகாமில் தங்குவது தொழிலாளிக்கு ஓய்வன்று. தோட்டத்துக்கு நோய் போய்ச் சேராமல் காக்கும் ஏற்பாடு. அச்சீட்டு யாருடைய நலனுக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டால், அந்த முகாமின் இயல்பு விளங்கிவிடும்.

சான்று எழுதும் கை எது என்பதையும் சட்டம் வரையறுத்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவர் பதிவுச் சட்டத்தின்படி, சட்டப்படி தேவைப்படும் மருத்துவச் சான்று செல்ல வேண்டுமெனில் அதில் ஒப்பமிடுபவர் பதிவுபெற்ற மருத்துவராக இருத்தல் வேண்டும். விளைவு என்ன? ஊரில் நாடி பிடித்து மருந்து கொடுத்தவர் வைத்தியர். ஆனால் 'இவர் நோயுற்றிருந்தார்' என்று எழுதும் தகுதி நகரத்தில் இருந்த வேறொருவருக்கு! சிகிச்சை ஓரிடத்திலும் சான்று ஓரிடத்திலுமாகப் பிரிந்த இந்தப் பிளவு, கிராமத்து ஏழைக்கு ஒரு நாள் பயணத்தையும் ஒரு நாள் கூலியையும் விலையாக வைத்தது. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்ததும், 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியதும் இப்பிளவை ஓரளவு குறைக்க முயன்ற செயல்கள் எனலாம்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

இவ்விடத்தில் புதுக்கோட்டையின் புதல்வி ஒருவர் நம் கட்டுரைக்குள் வருகிறார். 1886ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று இவ்வூரில் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எழுந்த எதிர்ப்பை நண்பர்கள் பலரும் அறிந்திருப்பீர்கள். பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் மற்றொன்று. அவர் வகுப்பில் அமர்ந்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். ஆயினும் மற்ற மாணவர் கண்ணில் படாதபடி அவருக்குத் திரையிடப்பட்டது.

சற்றே எண்ணிப் பாருங்கள்! எந்த நோயும் இல்லாத ஒரு பெண்ணைத் தொற்றுநோய் கண்டவரைப் போல ஒதுக்கி அமர்த்தியது அன்றைய சமூகம். ஒதுக்குதல் என்ற செயலில் நோய்த்தடுப்பும் இருக்கும், தீண்டாமையும் இருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்று பிரித்தறிய அறிவியல் வேண்டும். அந்த அறிவியலைப் பயில்வதற்கே அவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912இல் பட்டம் பெற்றார் என்பதை வரலாற்றின் அழகிய முரண் என்று சொல்லலாம்.

1927இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை, தேவதாசி ஒழிப்புக்காகவும், பின்னாளில் 1954இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்காகவும் நாம் போற்றுகிறோம். பள்ளி மாணவர்களை முறையாக மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயுற்ற பிள்ளை சான்றிதழைத் தேடி மருத்துவரிடம் செல்வது ஒரு முறை. மருத்துவர் பள்ளியைத் தேடி வருவது மற்றொரு முறை. முன்னதில் சுமை பிள்ளையின் மீது. பின்னதில் அரசின் மீது. திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தவர் இரண்டாவதைக் கேட்டார்.

சட்டப் புத்தகத்தில் பள்ளிக்கூடமும் நூலகமும்

1939இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நம் மூன்று கேள்விகளில் முதலிரண்டுக்குத் தெளிவான விடை தந்தது. தொற்றுநோய் கண்ட, அல்லது தொற்றுக்கு ஆட்பட்ட சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்று சுகாதார அலுவலர் அறிவிப்புக் கொடுத்துவிட்டால், 'இவனால் பிறருக்கு நோய் பரவும் அபாயம் இல்லை' என்று அவரே சான்று தரும்வரை பெற்றோர் அவனை அனுப்பக் கூடாது. 'வராதே' என்பதற்கும் 'வா' என்பதற்கும் ஒரே அதிகாரி! நம்மைப் போன்ற புத்தகப் பித்தர்கள் புன்னகைக்கும்படி, நோயுற்றவர்கள் நூலகப் புத்தகங்களைக் கையாள்வது குறித்தும் அச்சட்டம் தனியே பேசுகிறது. ஞானாலயா போன்ற அரிய நூலகம் பின்னாளில் அமைந்த ஊரில் வாழ்வோர் அப்பிரிவை மதிப்புடன் படிப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அச்சட்டம் வந்தபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அது இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அதன் பின்னரே சென்னை மாகாணச் சட்டங்கள் இங்கு வேர்கொண்டன. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாக மலர்ந்தது.

இருபத்தொரு நாள்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இழப்பை ஏற்பவர் யார்?

அரசு ஊழியர்களுக்கான விதிகளில் 'குவாரண்டைன் லீவ்' என்றொரு விடுப்பு நெடுங்காலம் இருந்தது. ஊழியர் நோயுற்றால் வழங்கப்படும் விடுப்பன்று அது. அவர் வீட்டில் வேறொருவருக்குப் பெரியம்மை, பிளேக், காலரா போன்ற நோய் கண்டு, 'அலுவலகம் வர வேண்டாம்' என்று அவருக்கு ஆணையிடப்பட்டால், மருத்துவ அல்லது சுகாதார அலுவலரின் சான்றின் பேரில் இருபத்தொரு நாள்வரையும், அரிதான நேர்வுகளில் முப்பது நாள்வரையும் அது வழங்கப்பட்டது. அந்நாள்களில் அவர் பணியில் இருந்ததாகவே கொள்ளப்பட்டு ஊதியமும் கிடைத்தது. 1377இல் இரகூசா நகரம் வந்தேறும் கப்பல்களை முப்பது நாள் நிறுத்தி வைத்ததும், பின்னர் அது நாற்பதாகி, இத்தாலிய மொழியின் 'நாற்பது' என்ற சொல்லே நோய்த்தடைக்குப் பெயரானதும் உலகறிந்த செய்தி. அந்தப் பழைய நாற்பது நாள் இங்கே ஊதியத்தோடு கூடிய இருபத்தொரு நாளாக வந்து நின்றது! பிறர் நலனுக்காக வீட்டிலிருப்பவர் ஒரு பொதுப்பணி செய்கிறார் என்ற உயரிய கருத்து அவ்விதியில் பொதிந்திருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டின் ஈட்டுறுதிச் சட்டம் வழிவகுத்தது. மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தின் ஒரு பங்கு நோய்க்கால உதவியாகக் கிடைக்கிறது. ஆனால் வயலில் களை பறிப்பவருக்கும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குபவருக்கும், சித்தாளுக்கும் எந்தச் சீட்டு என்ன பயன் தரும்? அவர்களிடம் சான்று கேட்பாரில்லை. சான்று இருந்தாலும் கூலி கொடுப்பாரில்லை. அவர்களுக்கு நோயென்றால் அன்றைக்கு அடுப்பில்லை. ஆகவே காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார்கள். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இதை அறியாமை என்று சொல்பவர்கள் அந்த வீட்டுக் கணக்கைப் பார்த்ததில்லை.

வேப்பிலைக்குப் பதில் ஒட்டுத்தாள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, 1897ஆம் ஆண்டுச் சட்டமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் தூசு தட்டி எடுக்கப்பட்டன. நகரங்களில் நோய் கண்ட வீடுகளின் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டினார்கள். சில இடங்களில் தகரம் அடித்தார்கள். அதுவும் வேப்பிலையின் வேலையைத்தான் செய்தது. ஆயினும் வேப்பிலையைக் கண்டு வணங்கி விலகிய அதே மக்கள், தாள் ஒட்டிய வீட்டாரை நோய் நீங்கிய பின்னும் ஐயத்தோடு நோக்கினார்கள். வேப்பிலையை வீட்டார் தாமே செருகினர். தாளை வேறொருவர் வந்து ஒட்டினார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது போலும். தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்குள் கால்வைக்க 2021 நவம்பர் முதல் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தடுப்பைப் பற்றிய மற்றொரு பாடம் இம்மாவட்டத்திலேயே கிடைத்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் பட்டியலின மக்களின் குடியிருப்பில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகே ஊரார் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். அதில் மலம் கலக்கப்பட்டிருந்தது. மருத்துவர் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் பிள்ளைகள் தேறி, அதே தண்ணீரைக் குடித்து, மீண்டும் படுத்திருப்பார்கள். சான்று நோயாளியின் வரவின்மையை விளக்கினால் போதாது. நோயின் வரவையும் விளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன?

வரலாற்றைப் புரட்டிய பிறகு சில கருத்துகளைத் தயக்கமின்றி முன்வைக்கலாம் என்று தோன்றுகிறது.

பல பள்ளிகளில் ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவருக்கு ஆண்டுவிழாவில் 'முழு வருகை'ப் பரிசு கொடுக்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் பொன்னுக்குவீங்கியோடு வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைக்கும் அப்பரிசு போய்ச் சேர்கிறது! வீக்கம் தொடங்கிய பின் ஐந்து நாள்வரை அந்நோய் பிறருக்குத் தொற்றும். நோயின் பொருட்டு விலகியிருந்த நாள்களையும் வருகையாகக் கொள்ளும் விதி அமையுமானால், பிள்ளைகள் நோயை மறைக்க மாட்டார்கள். அரசு ஊழியருக்குக் கொடுத்த இருபத்தொரு நாள் மதிப்பை ஐந்தாம் வகுப்பு மாணவனுக்குக் கொடுக்கத் தயக்கம் ஏன்?

தடுப்பூசியின் இடத்தை எந்தச் சான்றும் நிரப்பாது. நோய் வெளிப்படுமுன்பே பரவும் என்பதால், விலக்கி வைப்பது எப்போதும் சற்றுத் தாமதித்த செயலே. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளில் போடப்பட்டபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் அஞ்சியதை நாம் கண்டோம். அச்சத்தைப் போக்கும் பணியில் நம்மைப் போன்று எழுதுபவர்களுக்கும் பங்குண்டு.

எல்லாவற்றிலும் முதன்மையானது அந்த மூன்றாவது கேள்வி. தமிழக அரசு 1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான நிதியுதவித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. பேறுகாலத்தில் கூலியிழக்கும் பெண்ணுக்கு அவ்விழப்பை ஈடுசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. அத்திட்டம் தாங்கியிருக்கும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! வேலைக்கு வர இயலாத நாளின் இழப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதுவும் புதுக்கோட்டையின் புதல்வி பெயராலேயே. அக்கொள்கையைத் தொற்றுநோயால் வீட்டில் தங்கும் கூலித் தொழிலாளிக்கும், நோயுற்ற பிள்ளையருகே அமர்ந்திருக்கும் தாய்க்கும் நீட்டிப்பது ஆகாத செயலன்று.

ஊரைக் காப்பதற்காக ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்றால், அவர் வீட்டு அடுப்பைக் காக்க வேண்டியது ஊரின் கடமை. வேப்பிலைக் கொத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் அதன் பிறகே முழுப் பொருள் உண்டாகும். நண்பர்கள் தத்தம் ஊர்களில் வழங்கிய தண்ணீர் ஊற்றும் முறைகளையும், பள்ளி விடுப்புக் கடித வழக்கங்களையும் எழுதியனுப்பினால் மகிழ்வோம். அவையும் வரலாறுதானே!